மனச்சோர்வு பத்தி பேச ஒரு பைக் ரைடு: ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முழு வழிகாட்டி

எட்டு மாசம் என் புல்லட் கவர் போட்டபடியே வாசல்ல நின்னுச்சு. கவர் மேல வேப்பம்பூ கொட்டி, மழை பேஞ்சு அது அப்படியே ஒட்டிக்கிட்டு, பேட்டரி செத்து, செயின்ல துரு ஏறி, தினமும் அதைத் தாண்டித்தான் நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனேன். யாராச்சும் கேட்டா "வண்டில கொஞ்சம் வேலை இருக்கு"ன்னு சொல்லிடுவேன். வண்டில ஒரு வேலையும் இல்ல. காலைல எந்திரிச்சு பல்லு வெளக்கறதே எனக்கு மலை ஏறுற மாதிரி இருந்துச்சு, அதுக்குப் பேரு மனச்சோர்வுன்னு அப்ப தெரியாது. எங்க ரைடு க்ரூப்ல ஒருத்தன் ஒரு ஞாயித்துக்கெழம சார்ஜரோட வந்தான், ஒண்ணுமே கேக்கல, கவரை உருவுனான், பேட்டரிய கழட்டி சார்ஜ் போட்டான், செயினுக்கு எண்ணெய் விட்டான், நான் பக்கத்துல குந்திக்கிட்டு ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன், ஒரு மணி நேரம் கழிச்சு நானாத்தான் வாயத் திறந்தேன். அடுத்த வாரம் என்னை பின்னாடி ஏத்திக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும் அவன்தான்.

அதுக்கப்புறம் திருச்சில நாங்க சேர்ந்து மூணு ரைடு நடத்திட்டோம். முதல் ரைடு ஒண்ணுத்துக்கும் ஆகல, ரெண்டாவது பரவால்ல, மூணாவதுதான் மனசுக்கு நெறஞ்சுது. நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை நீங்க படாமலே தெரிஞ்சுக்கணும்னு எல்லாத்தையும் எழுதிடறேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

இந்த ரைடெல்லாம் எங்க இருந்து வந்துச்சு

ஆஸ்திரேலியாவுல 2009ல ஸ்டீவ் ஆண்ட்ரூஸ்னு ஒருத்தர் மனச்சோர்வு பத்தி ஜனங்க பேசணும்னு தனி ஆளா பைக்ல நாட்டையே சுத்தி வந்தார். அதுல பொறந்ததுதான் பிளாக் டாக் ரைடு. சர்ச்சில் தன்னோட மனச்சோர்வ கருப்பு நாய்னு சொன்னதா சொல்லுவாங்க, பேரு அதுல இருந்து வந்தது. இப்ப அங்க வருஷா வருஷம் மார்ச் மாசம் ஒரே நாள்ல பல ஊர்ல ரைடு நடக்குது.

இன்னொன்னு டிஸ்டிங்குவிஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு. 2012ல சிட்னில மார்க் ஹாவா ஆரம்பிச்சு வச்சது, கோட்டு சூட்டு போட்டு பழைய ஸ்டைல் வண்டில ஊருக்குள்ள மெதுவா போவாங்க, வர்ற பணம் ஆம்பளைங்க ஆரோக்கியத்துக்காக இருக்கற மூவெம்பர் அமைப்பு வழியா ப்ராஸ்டேட் கேன்சர் ஆராய்ச்சிக்கும் ஆம்பளைங்க மனநலத்துக்கும் போகுது. நம்ம சென்னையிலயும் இது நடக்குது. இந்த ரெண்டுலயும் நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான்: வேகம் வேண்டாம், பாக்கறவன் நின்னு "என்னப்பா இது"ன்னு கேக்கணும்.

நம்ம ஊருக்கு இது ஏன் வேணும்னா, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்சிஆர்பி) கணக்குப்படி 2022ல மட்டும் தமிழ்நாட்டுல 19,834 பேர் தற்கொலையால இறந்திருக்காங்க, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். நாடு முழுக்க எடுத்தா அதுல 100க்கு கிட்டத்தட்ட 72 பேர் ஆம்பளைங்க. ஆனா மனச்சோர்வு வர்றது பொம்பளைங்களுக்குத்தான் அதிகம், ஆம்பளைங்கள விட ஒண்ணரை மடங்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, புள்ள பெத்த தாய்மார்கள்ல பத்துல ஒருத்தருக்கு மேல வருது. அதனால ஆம்பளைங்க மட்டும் கூடி ஓட்டுற ரைடா இதை வைக்காதீங்க. ஸ்கூட்டில வர்ற அக்காவும் வரட்டும், பின்னாடி உக்காந்து வர்ற வீட்டம்மாவும் வரட்டும்.

படி 1: எதுக்கு ஓட்டறோம்னு ஒரே வரில எழுதுங்க

எங்க முதல் ரைடுல நாப்பது வண்டி, ட்ரோன் ஷாட், டி-ஷர்ட், கடைசில பிரியாணி. 120 கிலோமீட்டர் போயிட்டு வந்தோம், மனச்சோர்வு பத்தி யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. ரெண்டு வாரம் கழிச்சு தெரிய வருது, அன்னிக்கு கடைசி வண்டியா எங்க பின்னாடியே வந்தவன் மாசக்கணக்கா தூங்காம இருந்திருக்கான், பேசணும்னுதான் ரைடுக்கே வந்திருக்கான், பேச ஒரு இடமே நாங்க வைக்கல. அவன் இப்ப நல்லா இருக்கான், மாத்திரை எடுக்கறான், போன ரைடுல அவன்தான் டீ வாங்கிக் குடுத்தான். ஆனா அந்த ரெண்டு வாரத்த நெனச்சா எனக்கு இன்னும் வயித்த கலக்கும்.

அதனால இப்ப எங்க வரி இதுதான்: "நிக்கிற இடத்துல பேசறதுக்காக ஓட்டறோம்." வண்டிக்காரங்க நேருக்கு நேர் உக்காந்து மனசத் திறக்க மாட்டாங்க, பக்கத்துல பக்கத்துல வண்டில சாஞ்சுக்கிட்டு ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டு இருக்கும்போது தானா வரும். ரூட்டு, நேரம், ஆள் கணக்கு எல்லாத்தையும் அந்த நிறுத்தத்த மனசுல வச்சு முடிவு பண்ணுங்க.

படி 2: மனநல ஆள் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்

நெறய பேர் பேனர் அடிச்சு தேதி போட்டுட்டு கடைசில "ஒரு டாக்டர கூப்பிடலாமா"ன்னு கேப்பாங்க. தப்பு. முதல் வேலையே உங்க ஊர்ல ஒரு மனநல மருத்துவரையோ சைக்காலஜிஸ்டையோ போய் பாத்து, ரெண்டு மாசம் கூட இருக்க முடியுமான்னு கேளுங்க. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு ஓபி இருக்கு, அங்க போய் கேட்டா வழி சொல்லுவாங்க. சென்னைக்காரங்களுக்கு 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பிச்ச சிநேகாங்கற தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கு, டாக்டர் சாரதா மேனன் ஆரம்பிச்ச ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்பு இருக்கு.

அவங்ககிட்ட மூணு உதவி கேளுங்க. பேனர், போஸ்டர் வாசகத்த பாத்துக் குடுக்கறது, உங்க ஆளுங்கள்ல அஞ்சாறு பேருக்கு அரை நாள் காது குடுத்துக் கேக்கப் பழக்கி விடறது, ரைடு அன்னிக்கும் அதுக்கப்புறம் ஒரு வாரமும் போன் எடுக்கறது. மேடைப் பேச்சு நாலாவது பட்சம், அதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

படி 3: வார்த்தை

இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க. தமிழ்ல ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரஷனுக்கும் சேத்தே "மன அழுத்தம்"னு சொல்லிடறோம், அதனால கேக்கறவன் "யாருக்குத்தான்யா அழுத்தம் இல்ல, வேலைன்னா இருக்கத்தான் செய்யும்"னு போயிடறான். நாங்க பேனர்ல மனச்சோர்வுன்னு பெருசா போட்டோம், கீழ ஜனங்க வாயில வர்ற மாதிரி நாலு வரி எழுதினோம்: "எதுலயும் பிடிப்பு இல்லையா? ராத்திரி தூக்கம் வரலையா? சோறு இறங்கலையா? ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருக்கா?"

அந்த ரெண்டு வாரம் முக்கியம். ஒரு நாள் சோகம் எல்லாருக்கும் வரும், பரீட்சைல பெயிலானா, காதல் போச்சுன்னா அழுவோம், தேறுவோம். பெரும்பாலும் நாள் முழுக்க, கிட்டத்தட்ட தினமும், ரெண்டு வாரத்துக்குக் கொறையாம மனசு கெடந்து தவிச்சாலோ, பிடிச்சதெல்லாம் பிடிக்காமப் போனாலோ, கூடவே தூக்கம் பசி கெட்டு, அசதி, கவனம் நிக்காம, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு ஒரு நெனப்பு, இதெல்லாம் சேந்தா அது நோய். சுகர் பிரஷர் மாதிரி டாக்டர் பாக்க வேண்டிய நோய். நம்ம ஊர்ல நெறய பேருக்கு இது உடம்பு வழியாத்தான் வெளிய வரும், தலைவலி, நெஞ்சு பாரம், கை கால் அசதின்னு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்துட்டு இருப்பாங்க, ரிப்போர்ட்ல ஒண்ணும் இருக்காது.

வண்டிக்காரங்களுக்குன்னு ஒரு அறிகுறி நான் சொல்லுவேன். வாரா வாரம் வந்துட்டு இருந்தவன் ரெண்டு மாசமா வரலன்னா, வண்டி கவர் போட்டு நிக்குதுன்னா, போய்ப் பாருங்க. பிடிச்ச விஷயமே பிடிக்காமப் போறது மனச்சோர்வோட முக்கியமான அடையாளம், அது உங்க கண்ணு முன்னாடியே வாசல்ல நிக்கும்.

பேனர்ல இருக்கக் கூடாதது: தூக்குக் கயிறு படம், மாத்திரை குவியல் படம், எப்படி இறந்தாங்கங்கற வெவரம், "கோழைகளே" மாதிரி வசனம். இதெல்லாம் ஏற்கனவே ஓரத்துல நிக்கறவன தள்ளி விட்டுடும். "தற்கொலை செஞ்சுக்கிட்டான்"னு குத்தம் பண்ண மாதிரி சொல்றதுக்கு பதிலா "தற்கொலையால இறந்துட்டான்"னு சொல்லிப் பழகுங்க. மென்டல், லூசு, பைத்தியம், இந்த மூணும் ரைடு முடியிற வரைக்கும் யார் வாயிலயும் வரக் கூடாதுன்னு காலைல பிரீஃபிங்லயே சொல்லிடுங்க, வெளயாட்டுக்குக் கூட.

படி 4: ரூட்டு

80ல இருந்து 100 கிலோமீட்டர் போதும். எங்களுக்கு அமைஞ்சது காவிரிக்கு ரெண்டு கரையும் சுத்தி வர்ற ஒரு வட்டம். திருச்சில இருந்து காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட், அங்க இருந்து வடகரையோட குணசீலம், முசிறி, பாலத்துல ஆத்தக் கடந்து குளித்தலை, அப்புறம் தென்கரையோட பேட்டவாய்த்தலை, முக்கொம்பு, ஜீயபுரம், திரும்ப ஊருக்கு. வழி நெடுக வாழைத் தோப்பு, காலைல காத்து சில்லுன்னு இருக்கும்.

குணசீலத்த வேணும்னேதான் வச்சோம். மனநிலை சரியில்லாதவங்கள குடும்பத்தோட கூட்டிட்டு வந்து 48 நாள் தங்க வைக்கிறது அந்தக் கோயில்ல தலைமுறையா இருக்கற நம்பிக்கை. அங்க போய் நின்னு "கோயிலுக்கெல்லாம் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க"ன்னு பேசினா ஒரு ஜனமும் காது குடுக்காது, பேசவும் கூடாது. "சாமியும் கும்பிடுங்க, மாத்திரையும் விடாதீங்க"ன்னு சொன்னோம், ஒரு பாட்டி என் கையப் புடிச்சு "எம்பேரனுக்கு ரெண்டுமே பண்றேன் தம்பி"ன்னுச்சு. கும்பிட வந்தவங்கள போட்டோ எடுக்காதீங்க, ஒரு போட்டோ கூட வேண்டாம். ராமநாதபுரம் ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6ம் தேதி சங்கிலியால கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில செத்தாங்களே, அதுக்கப்புறமும் நம்ம ஜனங்க கோயிலுக்கும் தர்காவுக்கும் போறாங்கன்னா ஆஸ்பத்திரி அவங்களுக்கு இன்னும் பயமா இருக்குன்னு அர்த்தம். அந்தப் பயத்தக் கொறைக்கத்தான் நாம போறோம்.

ரூட்ட ஒரு வாரம் முன்னாடி அதே நேரத்துல ஒருக்கா ஓட்டிப் பாருங்க. மேப்புல தெரியாதது நெறய இருக்கும். தை பொறந்து அறுவடை ஆரம்பிச்சா ரோட்டுல பாதிய அடைச்சு நெல்லு காயப் போட்டிருப்பாங்க, வைக்கோல் பரப்பி வச்சிருப்பாங்க, அது மேல முன் பிரேக்க புடிச்சா வண்டி படுத்துடும். அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது, களம் இல்லாத விவசாயி வேற எங்க காய வைப்பான், நாமதான் எறங்கி உருட்டிட்டாச்சும் போகணும். வாழைத்தார் ஏத்துன லாரி விடியக்காலைல தோப்புல இருந்து திடீர்னு ரோட்டுல ஏறும். தென்கரைல ஒரு பக்கம் வாய்க்கால், வளைவு ஜாஸ்தி, அங்க ஒத்தை வரிசைதான்.

படி 5: தேதி

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள், அக்டோபர் 10 உலக மனநல நாள். அதை ஒட்டி வச்சா பேப்பர்ல போடுவாங்க, ஆஸ்பத்திரிக்காரங்களும் ஆர்வமா வருவாங்க. ஆனா அக்டோபர் நடுவுல வடகிழக்கு பருவமழை புடிச்சிடும், அதனால எங்களுக்கு செப்டம்பர்தான் ஒத்து வந்துச்சு. முகூர்த்த நாள தவிருங்க, அமாவாசைல ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் பக்கம் கூட்டம் நெரியும், ஆடிப்பெருக்கு, வைகுண்ட ஏகாதசி நெனச்சே பாக்காதீங்க. ஞாயிறு காலைல ஆறு மணிக்கு கெளம்பி பதினொண்ணுக்குள்ள முடிச்சுடணும், வெயில் ஏறிட்டா பேச்சு வராது.

படி 6: பெர்மிஷன்

எங்க ரூட்டுக்கு மூணு இடத்துல எழுதிக் குடுத்தோம், ஊருக்குள்ள இருக்கற பகுதிக்கு கமிஷனர் ஆபீஸ், வெளிய திருச்சி எஸ்பி ஆபீஸ், குளித்தலை கரூர் மாவட்டம்ங்கறதால கரூர் எஸ்பி ஆபீஸ். மூணு வாரம் முன்னாடியே குடுங்க. எத்தன வண்டி, எந்த ரூட்டு, எத்தன மணிக்கு எங்க நிக்கும், யாரு பொறுப்பு, அவங்க ஆதார் நகல், எல்லாம் வச்சு ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வாங்கி கைல வச்சுக்கோங்க. மைக் செட் வைக்கணும்னா அதுக்குத் தனியா கேக்கணும். லெட்டர்ல "ரேஸ்"ங்கற வார்த்தையே வரக் கூடாது, பொது ரோட்டுல அரசு சம்மதம் இல்லாம வேகப் போட்டி வைக்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 189 படி குத்தம், "விழிப்புணர்வு ஊர்வலம், வேகம் 50க்குள்ள"ன்னு தெளிவா எழுதுங்க. ஒரு ஸ்டேஷன்ல எங்கள நாலு தடவ அலைய விட்டாங்க, ஆனா கடைசில அதே ஸ்டேஷன் ஏட்டையா ஒருத்தர் எங்கள தனியா கூப்பிட்டு, தன் மச்சினனுக்கு எங்க காட்டலாம்னு கேட்டார். யார் வீட்டுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுங்க, அதனால பொறுமையா இருங்க.

படி 7: பணம்

நிதி திரட்டறதா இருந்தா உங்க சொந்த ஜிபே நம்பர்ல வாங்காதீங்க, எவ்வளவு நல்லவனா இருந்தாலும் வேண்டாம். பதிவு பண்ண ஒரு அறக்கட்டளைய முடிவு பண்ணி, அவங்க கணக்குக்கே நேரா போற மாதிரி க்யூஆர் கோட் வாங்கிக்கோங்க. குடுக்கறவங்களுக்கு வருமான வரி விலக்கு தர்ற 80ஜி இருக்கான்னு பாருங்க. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா 80ஜி விலக்கு கெடைக்காது, புது வரி முறைல இருக்கறவங்களுக்கு அந்த விலக்கே கெடையாது, இதை முன்னாடியே சொல்லிட்டா பின்னாடி சண்டை வராது. கனடாலயோ லண்டன்லயோ இருக்கற சொந்தக்காரங்க அனுப்பறேன்னா கொஞ்சம் கவனம், அவங்ககிட்ட இந்திய பாஸ்போர்ட் இருந்து சொந்தக் காச பேங்க் வழியா அனுப்புனா சரி, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது.

ரைடு செலவ நிதில கை வைக்காம தனியா வசூல் பண்ணுங்க. நாங்க தலைக்கு 400 ரூபாய் வாங்கினோம், டி-ஷர்ட், டிபன், டீ எல்லாம் அதுல. மாணவங்களுக்கு சும்மா. முடிஞ்ச மறுவாரம் வரவு செலவ பைசா விடாம எல்லாருக்கும் அனுப்பிடுங்க.

படி 8: டி-ஷர்ட்டும் அட்டையும்

முதுகுல ஸ்பான்ஸர் பேரு வேண்டாம், நம்பர் வரட்டும். 14416, டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண். மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. தமிழ்நாட்டோட சுகாதார உதவி எண் 104லயும் பேசலாம். சிநேகா நம்பர் 044 24640050. எந்த நம்பர் போட்டாலும் அச்சுக்குக் குடுக்கறதுக்கு முந்துன நாள் நீங்களே டயல் பண்ணிப் பாருங்க, எடுத்துப் பேசுறாங்களான்னு காதால கேட்டுட்டு அப்புறம் அச்சடிங்க.

ரெண்டாவது ரைடுல குளித்தலை டீக்கடைல வாழைத்தார் ஏத்துற ஒருத்தர், தோள்ல துண்டு, கையெல்லாம் வாழைக் கறை, என் முதுகையே பாத்துட்டு இருந்துட்டு மெதுவா கேட்டாரு, "அண்ணே, இந்த நம்பருக்கு போன் போட்டா காசு புடிப்பாங்களா?" இல்லண்ணேன்னு சொன்னேன். பேனா இருக்கான்னு கேட்டு வாங்கி, பீடிக்கட்டு பேப்பர்ல அஞ்சு எண்ணையும் ஒவ்வொண்ணா எழுதி மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாரு. யாருக்குன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அடுத்த ரைடுக்கு நம்பருக்குக் கீழயே "இலவசம்"னு அதே சைஸ்ல போட்டோம், பாக்கெட்ல வச்சுக்கற மாதிரி சின்ன அட்டை 500 அடிச்சோம், டீக்கடை, மெடிக்கல் ஷாப், சலூன், உரக்கடைன்னு நின்ன இடத்துலயெல்லாம் வச்சுட்டு வந்தோம்.

படி 9: வண்டி, வரிசை, பாதுகாப்பு

இதுல புதுசா சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா விட்டுடாதீங்க. முந்துன நாள் சாயங்காலமே டயர் காத்து, செயின் தொய்வு, ரெண்டு பிரேக், லைட்டு, இண்டிகேட்டர் பாத்து டேங்க நெரப்பிடணும். ஐஎஸ்ஐ ஹெல்மெட், பின்னாடி உக்காரறவங்களுக்கும் சேத்து, இல்லாதவங்க கெளம்பக் கூடாது. ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ். சைலன்ஸர் மாத்துன வண்டிக்கு இடம் இல்ல, சத்தத்துக்கு பதறுற மனசுக்காரங்களுக்காகத்தான் நாம ஓட்டறோம்.

அறுபது வண்டிய ஒரே வால் மாதிரி விடாதீங்க, பத்து பத்தா பிரிங்க, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒருத்தர், கடைசில அனுபவப்பட்ட ஒருத்தர், குழுவுக்குக் குழு ரெண்டு நிமிஷ இடைவெளி. அகலமான ரோட்டுல வண்டிங்க இடது வலதுன்னு மாறி மாறி, முன் வண்டிக்கும் உங்களுக்கும் ரெண்டு செகண்ட். சிக்னல்ல மத்த வண்டிய மறிச்சு நம்ம ஆளுங்கள விடற வேலை வேண்டாம். ஒரு டாடா ஏஸ் கடைசில வரட்டும், அதுல மெக்கானிக், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ட்யூப், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி, தண்ணி. அடிபட்டா 108.

நம்ம ரைடுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, மாத்திரை. வர்றவங்கள்ல சில பேர் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கறவங்களா இருப்பாங்க. சில மாத்திரைல தூக்கக் கலக்கம் இருக்கும், முக்கியமா ஆரம்பிச்ச புதுசுலயும் டோஸ் மாத்துன புதுசுலயும். வண்டி ஓட்டலாமான்னு அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க, வேண்டாம்னா பின்னாடி உக்காந்து வரலாம், அதுல ஒரு கொறையும் இல்ல, நானே முதல்ல அப்படித்தான் போனேன். "ரைடுக்காக இன்னிக்கு மாத்திரை போடல"ன்னு யாரும் சொல்லக் கூடாது, டாக்டரைக் கேக்காம நாமளா நிறுத்தறது ஆபத்து. லித்தியம்ங்கற மனநல மாத்திரை எடுக்கறவங்க இருந்தா வெயில்ல வேர்த்து உடம்புல தண்ணி வத்தக் கூடாது, அவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேக்கணும். இதையெல்லாம் ஃபார்ம்ல எழுத வச்சு அம்பலப்படுத்தாதீங்க, எல்லாருக்கும் பொதுவா ஒரு மெசேஜ் போடுங்க, தனியா பேச நினைக்கறவங்களுக்கு ஒரு ஆள் நம்பர் குடுங்க. கெளம்பறதுக்கு முந்துன ராத்திரியும் ரைடு முடிஞ்ச பிறகும் சரக்கு கெடையாது.

படி 10: நிறுத்தம்

மூணே நிறுத்தம். குணசீலம் பதினஞ்சு நிமிஷம், குளித்தலை முக்கால் மணி நேரம், முக்கொம்பு கடைசி. குளித்தலைதான் ரைடோட உயிர்.

அங்க மைக் வேண்டாம். டீ கைக்கு வந்ததும் ரெண்டு ரெண்டு பேரா ஒரே வண்டில சாஞ்சு நிக்கச் சொல்லுவோம், முன்பின் தெரியாத ரெண்டு பேரா இருந்தா இன்னும் நல்லது. ஒரு கேள்விதான் குடுப்போம்: "கடைசியா எப்ப நல்லா தூங்குன?" ரொம்ப சாதாரணக் கேள்வி, யாரும் கூச்சப்பட மாட்டாங்க. அதுல இருந்து வேலை, கடன், புள்ளையோட காலேஜ், வீட்டுல பேச்சு வார்த்தை இல்லாம ரெண்டு வருஷம், எல்லாம் தானா வரும். கேக்கறவங்களுக்கு நாங்க சொன்னது: நடுவுல குறுக்கிடாதீங்க, "இதுக்கெல்லாமாடா"ன்னு சொல்லாதீங்க, "யோகா பண்ணு, வேலைல மனச செலுத்து"ன்னு ஆரம்பிக்காதீங்க. "ம்"ன்னு கேட்டுட்டு, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"ன்னு கேளுங்க, அது போதும்.

பயிற்சி எடுத்த அஞ்சாறு பேர் கைல மஞ்சள் ரிப்பன் கட்டி சும்மா நடந்துட்டு இருப்பாங்க. யாராச்சும் ரொம்ப உடைஞ்சு போனா அவங்ககிட்ட கூட்டிட்டுப் போகணும். அனுபவத்த சொல்ல யாராச்சும் வந்தா அது அவங்களா விரும்பி வரணும், முந்துன வாரம் ஒரு தடவ, அன்னிக்குக் காலைல ஒரு தடவ "சொல்றீங்களா, வேண்டாமா"ன்னு கேளுங்க, கடைசி நிமிஷத்துல வேண்டாம்னாலும் ஏன்னு கேக்காதீங்க. வீடியோ கூடவே கூடாது.

யாராச்சும் "வாழவே பிடிக்கல"ன்னு சொல்லிட்டா

இது நடக்கும், தயாரா இருங்க. பதறாதீங்க, பேச்ச மாத்தாதீங்க. "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது, மனசுக்குள்ளயே வச்சு புழுங்கினவனுக்கு ஒருத்தர் கேட்டதே பெரிய ஆறுதல். ஆமான்னு சொன்னா தனியா விடக் கூடாது. முக்கியமா அவன வண்டி ஓட்ட விடக் கூடாது, சாவிய வாங்கி வச்சுக்கிட்டு அவன டாடா ஏஸ்ல முன் சீட்டுல உக்கார வையுங்க, அவன் வண்டிய வேற ஆள் கொண்டு வரட்டும். கூட இருக்கற மனநல ஆளுக்கு சொல்லுங்க, அவன் நம்பற வீட்டு ஆள் யாருன்னு அவன்கிட்டயே கேட்டு போன் போடுங்க, 14416க்கு பேசுங்க, அப்பவே எதாச்சும் பண்ணிக்குவானோன்னு தோணுனா நேரா அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

"போலீஸ் கேஸ் ஆயிடுமோ"ன்னு வீட்டுல பயந்து மறைப்பாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115வது பிரிவு, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க, வேற மாதிரி நிரூபிக்காத வரைக்கும், கடுமையான மன நெருக்கடில இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், அவங்கள தண்டிக்கக் கூடாது, அரசு அவங்களுக்கு சிகிச்சை குடுக்கணும்னு சொல்லுது. இதை அட்டைக்குப் பின்னாடி ரெண்டு வரில அச்சடிச்சிருக்கோம்.

மாத்திரை ஆரம்பிக்கறவங்ககிட்ட ஒண்ணு சொல்லி வையுங்க. முதல் நாளே மாத்தம் தெரியாது, ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சில பேருக்கு இன்னும் கூட ஆகும். நான் பத்தாவது நாளே "இது வேலைக்கு ஆகல"ன்னு நிறுத்தப் பாத்தேன், அந்த சார்ஜர் கொண்டு வந்தவன்தான் தெனம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் போட்டு "போட்டியாடா?"ன்னு கேப்பான். ஒரு வாரம் அவன் மேல கோவமா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் காலைல பில்டர் காபி வாசனை மூக்குல ஏறுச்சு, மாசக்கணக்குல எனக்கு எந்த வாசனையும் பிடிச்சதில்ல, நான் அன்னிக்கு அடுப்படிலயே நின்னு அழுதேன்.

படி 11: புதன்கிழமை போன்

ரைடு ஞாயிறு முடியும். திங்கள் செவ்வாய் போட்டோ பகிர்ந்துட்டு எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, புதன்கிழமை பழைய பாரம் திரும்ப வந்து உக்காரும். அதனால புதன்கிழமை சாயங்காலம் வந்தவங்க எல்லாருக்கும் ஒரு போன், அறுபது பேருன்னா ஆளுக்குப் பத்தா ஆறு பேர் பிரிச்சுக்கோங்க. மெசேஜ் வேண்டாம், குரல் கேக்கணும். குளித்தலைல யாரு யாரோட பேசுனாங்களோ அவங்களுக்குள்ளயும் ஒருத்தர ஒருத்தர் கூப்பிடச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னவங்க போனாங்களான்னு கேளுங்க, போகலன்னா திட்டாதீங்க, "நாளைக்கு நான் கூட வரட்டா, ஓபி சீட்டு நானே எடுத்துத் தர்றேன்"னு சொல்லுங்க. முதல் தடவ அந்த வரிசைல தனியா நிக்கறது கஷ்டம், கூட ஒருத்தர் இருந்தா போயிடுவாங்க.

அப்புறம் மாசம் ஒரு ஞாயிறு, பேனர் இல்லாம, டி-ஷர்ட் இல்லாம, பத்து பேர் சேந்து முக்கொம்பு வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வாங்க. அந்த ஞாயிறு எவன் வரலயோ அவன் பேர குறிச்சுக்கோங்க, திரும்பி வர்ற வழில அவன் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி எட்டிப் பாருங்க, கவர் போட்டிருந்தா சார்ஜர எடுத்துட்டு உள்ள போங்க.